"பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி ஆள் சேர்க்காதீர்கள்

மோகனூரிலிருந்து ஒரு மொத்த மளிகை வியாபாரி



சங்கக் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், வரி பற்றிய பேச்சு முடிந்ததும் அடுத்துக் கேட்கும் குரல் ஒன்றுதான்: "கடைக்கு ஆள் கிடைப்பதில்லை." மளிகைக் கடைக்காரர் சொல்கிறார், அரிசி மண்டிக்காரர் சொல்கிறார், பாத்திரக் கடைக்காரரும் சொல்கிறார். நானும் பல ஆண்டுகள் இதையே சொல்லி வந்தவன்தான். ஆனால் ஐம்பது ஆண்டுகளாகக் கடை வாழ்க்கை வாழ்ந்தபின் இன்று எனக்குத் தோன்றுவது வேறு. ஆள் கிடைக்காமல் இல்லை. கிடைத்த ஆள் நம்மிடம் நிற்பதில்லை. நிற்காததற்குப் பாதிக் காரணம் நாம் ஆளைச் சேர்க்கும் முறை. இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

ஆள் எங்கே போகிறான்?

நமது மோகனூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. சுற்றிலும் கோழிப் பண்ணைகளும் தீவன மில்களும் இருக்கின்றன. நாமக்கல் போனால் லாரிப் பட்டறைகள். காவிரியில் பாலம் வந்தபிறகு வாங்கல் வழியாகக் கரூர் பக்கத்தில் வந்துவிட்டது. அங்குள்ள ஜவுளி ஏற்றுமதி நிறுவனங்கள் ஊர் ஊராக வேன் அனுப்பி ஆட்களை அழைத்துப் போகின்றன. இத்தனை போதாதென்று செல்போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்குச் சரக்குக் கொண்டு போகும் வேலையும் வந்துவிட்டது. ஆக, பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பையன் நம் கடை வாசலில் வந்து நின்று, "அண்ணா, வேலை இருக்குங்களா?" என்று கேட்ட காலம் போய்விட்டது.

இந்த இடங்களெல்லாம் நம்மைவிட மிக அதிகமாகக் கொடுத்துவிடுகின்றனவா? அப்படியும் இல்லை. விசாரித்துப் பார்த்தால் சில இடங்களில் கைக்கு வரும் தொகை நாம் கொடுப்பதை ஒட்டியேதான் இருக்கிறது. ஆனால் அங்கே சேரும் அன்றே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறார்கள்: எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகலாம், எந்தத் தேதியில் எவ்வளவு சம்பளம், எந்தக் கிழமை விடுமுறை. நாம் என்ன சொல்கிறோம்? "வா தம்பி, முதல்ல வேலையைக் கத்துக்கோ, சம்பளம் பார்த்துக்கலாம்." அவ்வளவுதான். அந்தப் "பார்த்துக்கலாம்" என்ற வார்த்தையில் நாம் நல்லெண்ணத்தை வைத்துச் சொல்கிறோம். கேட்கிறவன் காதில் அது வேறு மாதிரி விழுகிறது.

நானும் அப்படிச் சேர்க்கப்பட்டவன்தான். 1976-ல் பழைய எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் என் தகப்பனார் என்னைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் கொண்டுபோய் விட்டார். அங்கே மூட்டைக்கு எண் போடுவது, சிட்டை எழுதுவது, லீ பஜாரில் விலை கேட்டு வருவது என்று ஒவ்வொன்றாகக் கற்றேன். சம்பளம் என்று ஒரு தொகை இரண்டு ஆண்டுகள் வரை யாரும் சொல்லவில்லை. சாப்பாடு போட்டார்கள், தீபாவளிக்குத் துணி எடுத்தார்கள், ஊருக்குப் போகும்போது கையில் கொடுத்தார்கள். அந்த முதலாளி எனக்குத் தொழில் கற்பித்தவர். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவரிடமிருந்து தொழிலோடு சேர்த்து அந்தப் "பார்த்துக்கொள்ளலாம்" என்பதையும் கற்று வந்து என் கடையில் வைத்துக்கொண்டேன். அதற்கு விலை கொடுத்தது நான் அல்ல, வேறொருவர்.

1998-ல் நான் செய்த தவறு

இதைச் சங்க ஏட்டில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதை எல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டதால் எழுதுகிறேன்.

1998-ல் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் என் கடையில் சேர்ந்தான். அவன் தகப்பனாரிடம் வழக்கம்போல், "பையன் முதல்ல வேலை பழகட்டும், சம்பளம் பார்த்துக்கலாம்" என்றேன். பையன் கெட்டிக்காரன். கணக்கு வேகமாகப் போடுவான். மூன்றாவது மாதமே கிடங்குச் சாவியை அவனிடம் கொடுத்தேன். யார் எந்தச் சரக்கை எடுத்தாலும் எழுதி வைக்க ஒரு நோட்டு வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நானே எடுப்பேன், அவன் எடுப்பான், வண்டிக்காரர் எடுப்பார்.

ஏழாவது மாதம், தீபாவளி வியாபாரம் முடிந்து இருப்புப் பார்த்தபோது துவரம்பருப்பு இரண்டு மூட்டை குறைந்தது. சாவி அவனிடம் இருந்தது. என் மனம் உடனே அவனிடம் போய்விட்டது. நேரடியாகத் திருட்டு என்று சொல்லவில்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். கையில் தோன்றிய ஒரு தொகையைக் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனான். பிறகு கடைவீதியில் இரண்டு பேர் அவனை வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார்கள். "கை சுத்தமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றேன். நம் தொழிலில் அந்த ஒரு வாக்கியம் போதும் என்பது உங்களுக்குத் தெரியும். யாரும் அவனைச் சேர்க்கவில்லை.

ஆறு வாரம் கழித்துப் பரமத்தி வேலூர்ப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் பாக்கி தீர்க்க வந்தார். என் கணக்கைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "அண்ணா, தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் நீங்களே லாரியில ஏத்தி அனுப்புனீங்களே, பருப்பு ரெண்டு மூட்டை, அது இதுல இல்லீங்களே?" கல்லாப்பெட்டியில் காசுத் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அந்தச் சிட்டை அங்கே கிடந்தது. அவசரத்தில் பேரேட்டில் ஏற்றாமல் விட்டவன் நான்.

அன்று மாலையே அந்தக் கிராமத்துக்குப் போனேன். பையன் வீட்டில் இல்லை. லாரியில் கிளீனராக வடக்கே போய்விட்டான் என்றார்கள். அவன் தகப்பனாரிடம் நடந்ததைச் சொல்லி, ஏழு மாதத்துக்கு நியாயமான சம்பளம் கணக்குப் போட்டு மீதியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பிறகு ஒன்று கேட்டார்: "பணத்தைக் கொடுத்துட்டீங்க, சரிங்க. பையன் பேரை எப்படிங்க திருப்பிக் கொடுப்பீங்க?" எனக்குப் பதில் இல்லை. என்னிடம் விசாரித்த அந்த இரண்டு கடைக்காரர்களிடமும் போய் உண்மையைச் சொன்னேன். ஆனால் ஆள்தான் ஊரில் இல்லையே!

அந்தப் பையன் பின்னால் ஓட்டுநராகி, இன்று சொந்த லாரி வைத்திருக்கிறார். நாமக்கல் சாலையில் எதிரே வரும்போது பார்த்திருக்கிறேன். அவரும் பார்ப்பார். வண்டி நிற்காது.

நண்பர்களே, அந்தச் சம்பவத்தில் என் தவறு சந்தேகப்பட்டது மட்டும் அல்ல. சம்பளத்தைப் பேசாமல் சேர்த்தேன். பொறுப்பை எழுதாமல் கொடுத்தேன். காரணத்தைச் சொல்லாமல் நிறுத்தினேன். மூன்றுக்கும் ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் அவனுக்கும் பாதுகாப்பு, எனக்கும் பாதுகாப்பு.

கடல் கடந்த வணிகர்களின் சம்பளச் சீட்டு

"நம் வழக்கத்தில் வாய்ச்சொல்தான், காகிதமெல்லாம் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்தது" என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. தமிழ் வணிகர்களிலேயே ஆள் சேர்ப்பதை ஒழுங்காகச் செய்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் அவர்களுடைய வட்டிக்கடைகள் 1,600-க்கு மேல் இருந்தன. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடை ரங்கூனிலோ, மோல்மீனிலோ, ஐராவதி ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரிலோ இருக்கும். தந்தியும் கப்பல் தபாலும் தவிர வேறு தொடர்பு கிடையாது. லட்சக்கணக்கான ரூபாயைச் சம்பள ஆளை நம்பித்தான் விட வேண்டும்.

அவர்கள் என்ன செய்தார்கள்? கீழிருந்து மேலாகப் படி வைத்தார்கள். முதலில் பெட்டியடிப் பையன். பெட்டியின் அருகில் இருந்து எழுத்தும் கணக்கும் பழகுவான். அடுத்து அடுத்தாள். அதன்பின் கடையை நடத்தும் மேலாள். ஒருவர் கடல் கடந்து போவதற்கு முன்பே தவணை பேசப்படும். பெரும்பாலும் மூன்று ஆண்டு. தவணைக்கு உரிய சம்பளம் முன்கூட்டியே முடிவாகும். அதில் ஒரு பகுதி புறப்படும்போதே குடும்பச் செலவுக்குக் கொடுக்கப்படும். சாப்பாடும் தங்குவதும் கடைச் செலவு. தவணை முடிந்து கணக்கை ஒப்படைத்ததும் ஊர் திரும்பி ஓய்வு. கடை லாபத்துக்குத் தக்கபடி மேலாளுக்கு மேற்கொண்டு ஒரு தொகையும் கிடைக்கும். நன்றாக நடத்தியவர் அந்தப் பணத்தைக் கொண்டு பின்னாளில் தாமே கடை வைப்பதும் உண்டு.

இதில் எதைப் பின்பற்ற வேண்டும், எதை விட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பெரும்பாலும் தங்கள் சமூகத்துக்குள்ளேயே ஆள் எடுத்தார்கள். அது அந்தக் காலம். இன்று சொந்தக்காரன், சாதிக்காரன் என்று பார்த்துச் சேர்த்தால் வாசலில் வந்த நல்ல ஆளை விட்டுவிடுவோம். உள்ளே இருக்கும் தவறான ஆளை நிறுத்தவும் முடியாது. பின்பற்ற வேண்டியது, தவணையையும் சம்பளத்தையும் வேலைக்கு முன்பே முடிவு செய்யும் அந்த ஒழுங்கைத்தான். கல்யாண ஓலை இல்லாமல் முகூர்த்தம் வைக்கிறோமா? கடையாள் விஷயத்தில் மட்டும் ஏன் வாய்ச்சொல்?

ஆளைப் பார்ப்பது எப்படி?

திருக்குறளில் தெரிந்து தெளிதல் 51-ஆம் அதிகாரம். தெரிந்து வினையாடல் 52-ஆம் அதிகாரம். ஆளைச் சோதித்துத் தெளிவது முதலில், அவனிடம் வேலையை ஒப்படைப்பது அடுத்து. நாம் பல சமயம் இரண்டாவதை முதலில் செய்துவிட்டு, மூட்டை குறைந்தபின் சோதனையை ஆரம்பிக்கிறோம்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். வேலை கேட்டு வருகிறவரை முதலில் உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறேன். நின்றுகொண்டு பதில் சொல்கிறவர் பயத்தில் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்பார். பிறகு எட்டுப் பொருள் உள்ள ஒரு சிட்டையைக் கொடுத்துத் தொகை போடச் சொல்கிறேன். கால்குலேட்டர் வைத்துக்கொள்ளட்டும், தவறில்லை. விடை சரியா என்பதைவிட, போட்டு முடித்தபின் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாரா என்பதைக் கவனிக்கிறேன். அடுத்துத் தராசில் நிறுத்தச் சொல்கிறேன். புதிய ஆள் கிலோவுக்கு 20 கிராம் தாராளமாகப் போட்டால், நாளைக்கு 50 கிலோ விற்கும் கடையில் ஒரு கிலோ போகும். 26 நாளில் 26 கிலோ. குறைத்துப் போட்டாலோ வாடிக்கையாளர் போய்விடுவார். இரண்டையும் முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரியுங்கள். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். "ஆள் எப்படி?" என்று கேட்டால் பதில் சொல்கிறவரின் அன்றைய கோபம்தான் வரும். "எத்தனை நாள் இருந்தார், என்ன வேலை பார்த்தார், ஏன் விலகினார், திரும்ப வந்தால் சேர்ப்பீர்களா?" என்று நான்கு கேள்வி கேளுங்கள். உங்களிடம் யாராவது விசாரித்தால், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். நான் 1998-ல் சொன்னது போன்ற வாக்கியத்தைச் சொல்லிவிடாதீர்கள்.

அடையாளத்துக்கு ஆதார் நகல் போதும். அசல் சான்றிதழை வாங்கிப் பீரோவில் வைக்காதீர்கள். அதேபோல் முன்பணம் கொடுத்து, "கடன் தீரும்வரை போகக் கூடாது" என்று கட்டி வைப்பது 1976-லேயே ஒழிக்கப்பட்ட கொத்தடிமை முறையில் சேரும். அவசரத்துக்குப் பணம் கொடுங்கள், மாதத் தவணையில் பிடியுங்கள், இரண்டையும் எழுதுங்கள். அதற்குமேல் அந்தப் பணம் ஆளைக் கட்டும் கயிறாகக் கூடாது.

வெளிமாநிலத் தொழிலாளர்களைக் கிடங்கு வேலைக்கு வைப்பவர்கள் பெருகியிருக்கிறோம். 2023 மார்ச்சில் போலி வீடியோக்கள் பரவியபோது தமிழ்நாட்டில் பல ஊர்களில் அவர்கள் பயந்து ரயிலேறிப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். மொழி தெரியாத ஊரில் அவர்கள் நம்பக்கூடியது முதலாளி ஒருவரைத்தான். சம்பளத் தொகையையும் தேதியையும் அவர்கள் மொழியிலேயே எழுதிக் கொடுக்க இன்று செல்போனே உதவும். இடைத்தரகரிடம் மொத்தமாகக் கொடுக்காமல் ஆள் கையிலோ அவர் கணக்கிலோ நேரடியாகக் கொடுங்கள்.

வேலைச் சீட்டில் எழுத வேண்டியவை

நான் 1999 முதல் ஒவ்வொரு புது ஆளுக்கும் ஒரு பக்கச் சீட்டு கொடுத்து வருகிறேன். வக்கீல் எழுத வேண்டியதில்லை. நாமே எழுதலாம். இரண்டு பிரதி; ஒன்று அவரிடம், ஒன்று கடையில். அதில் இவை இருக்கும்:

1. பெயர், வயது, சேர்ந்த தேதி.
2. என்ன வேலை. "எல்லா வேலையும்" என்று எழுதக் கூடாது. பொட்டலம் போடுவதா, பில் போடுவதா, கிடங்கா, லைனுக்குப் போவதா என்று குறிப்பாக.
3. காலை வரும் நேரம், மாலை போகும் நேரம், சாப்பாட்டு இடைவேளை.
4. மாதச் சம்பளம், கொடுக்கும் தேதி. பழகும் காலம் என்று வைத்தால் எத்தனை நாள், அந்த நாட்களுக்கு என்ன சம்பளம்.
5. வாரத்தில் எந்தக் கிழமை விடுமுறை, ஆண்டில் எத்தனை நாள் சம்பளத்துடன் விடுப்பு.
6. தீபாவளி போனஸ் எந்தக் கணக்கில்.
7. அவர் பொறுப்பில் இருக்கும் சாவி, ரொக்கம், வண்டி. குறைவு வந்தால் இருவரும் சேர்ந்து கணக்குப் பார்த்தபின்தான் முடிவு என்ற உறுதி.
8. விலகுவதானாலும் விலக்குவதானாலும் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்.

ஏழாவதை நான் எதற்காகச் சேர்த்தேன் என்று உங்களுக்குத் தெரியும். கிடங்கில் ஒரு நோட்டும் கட்டித் தொங்கவிட்டேன். எடுப்பவர் யாராக இருந்தாலும், நான் எடுத்தாலும், எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முதலாளி எழுதாத நோட்டை வேலையாள் எழுத மாட்டார்.

"சீட்டு கொடுத்தால் நாளைக்கு அதை வைத்து நம் மேலேயே வழக்குப் போடுவார்களே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சீட்டு இல்லாவிட்டால் மட்டும் வழக்கு வராதா? வந்தால் நாம் கொடுத்ததைக் காட்ட நம்மிடமும் ஒன்றும் இருக்காது. கொடுக்க நினைப்பதை எழுதுவதற்குப் பயம் எதற்கு?

சட்டம் சொல்வது

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. சிறு கடைக்காரர்கள் பலருக்கு ஆய்வாளர் வரும்போதுதான் அதன் நினைவு வருகிறது. நமக்கு முக்கியமான சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன்.

வேலை நேரம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது பொது விதி. அதற்கு மேல் வேலை வாங்கினால் தனிக் கூலி உண்டு. வாரம் ஒரு நாள் விடுமுறை கட்டாயம். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுப்பு. ஆறு மாதம் தொடர்ந்து இருந்த ஆளைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நிறுத்த முடியாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நிறுத்துவதானால் விசாரித்துச் சாட்சியத்துடன் நிரூபித்திருக்க வேண்டும். 1998-ல் அந்தப் பையன் ஏழு மாதம் வேலை பார்த்திருந்தான். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று நான் சொன்னது மனசாட்சிக்கு மட்டும் அல்ல, சட்டத்துக்கும் விரோதம்.

2021-ல் இதே சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை பார்ப்பவர்கள் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்காமல், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை கொடுக்க வேண்டும். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்தவர்களுக்கு இது எதற்காக என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்டூலின் விலை நமக்குப் பெரிதல்ல. பெண்கள் வேலை பார்க்கும் கடையில் கழிப்பறை வசதியும், பஸ்ஸைப் பிடிக்க நேரத்தோடு அனுப்புவதும் அதைவிட முக்கியம். என் கடையில் கணக்கு எழுதும் அம்மாள் பதினோரு ஆண்டாக இருக்கிறார். ஏன் வேறு இடம் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "ஆறு மணின்னா ஆறு மணிக்கு அனுப்பிடறீங்களே" என்றார். சம்பளத்தைச் சொல்லவில்லை.

14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவரை அபாயமான வேலைக்கு வைக்கக் கூடாது. 2016 திருத்தத்தின்படி மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "பாவம், வீட்டில் கஷ்டம் என்று வைத்தேன்" என்பது பதிலாகாது. கஷ்டம் என்றால் பெற்றோரில் ஒருவருக்கு வேலை கொடுங்கள்; பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

குறைந்தபட்ச ஊதியத்தை அரசு நிர்ணயிக்கிறது. அதில் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் மாறுகிறது. பத்துப் பேர் வேலை பார்த்தால் இ.எஸ்.ஐ., பணிக்கொடை ஆகியவை உண்டு. இருபது பேர் என்றால் வருங்கால வைப்பு நிதி. மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. பணி நியமனக் கடிதம் கொடுப்பதை அவை வலியுறுத்துகின்றன. ஆகவே நான் சொல்லும் சீட்டு இனி நம் தயவில் கொடுப்பது அல்ல. உங்கள் கடைக்கு எது எந்த அளவில் பொருந்தும் என்பதை உங்கள் கணக்காளரிடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை தேடும் தம்பி, தங்கைகளுக்கு

இந்த ஏட்டை நம் கடைகளில் வேலை பார்ப்பவர்களும், நம் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களுக்கும் நாலு வார்த்தை.

கடைவேலை கௌரவக் குறைவு என்று நினைக்காதீர்கள். கொள்முதல், இருப்பு, கடன் கொடுப்பது, வசூல், ஆளைப் பேசிச் சமாளிப்பது இவ்வளவும் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கும் பள்ளிக்கூடம் அது. நம் கடைவீதியில் இன்று முதலாளியாக இருப்பவர்களில் பலர் ஒரு காலத்தில் பொட்டலம் கட்டியவர்கள்.

சேரும் முன்பு கேளுங்கள். சம்பளம், நேரம், விடுமுறை மூன்றையும் மரியாதையாகக் கேட்பது தவறில்லை. "உங்க கடையில முறை எப்படிங்க?" என்று கேட்டால் எந்த முதலாளிக்கும் கோபம் வராது. கோபம் வந்தால் அதுவே உங்களுக்கு ஒரு பதில். சேர்ந்தபின் உங்கள் பங்குக்கு ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்த நாள், வாங்கிய பணம், ஒப்படைத்த சாவி எல்லாவற்றையும் எழுதுங்கள். போவதானால் சொல்லிவிட்டுப் போங்கள். ஆடித் தள்ளுபடி நாளில் போனை அணைத்துவிட்டு நிற்காமல் போகிறவர், அடுத்து வரும் நல்ல பையனின் வாய்ப்பையும் சேர்த்துக் கெடுக்கிறார்.

வேலைக்காக யாருக்கும் பணம் கட்டாதீர்கள். நாமக்கல்லில் மாவட்ட வேலைவாய்ப்பு மையம் இருக்கிறது. அங்கே தனியார் நிறுவனங்களுக்கான முகாம்கள் நடக்கின்றன. தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளமும் 2020 முதல் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கட்டணம் இல்லை. கடைக்காரர்களாகிய நாமும் அதில் பதிந்து ஆள் தேடலாம். நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்?

வெளிநாடு என்றால் இன்னும் கவனம் தேவை. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதியில் மோசடிக் கும்பலிடம் சிக்கி, அரசின் முயற்சியால் மீண்டு வந்தார்கள். யோசித்துப் பாருங்கள். நூறு ஆண்டுக்கு முன் அதே பர்மாவுக்குத் தவணையும் சம்பளமும் பேசி முடித்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள் நம்மவர்கள். இன்று கையில் விமான டிக்கெட் இருந்தும், போகிற வேலை என்னவென்று எழுத்தில் இல்லாமல் போய்ச் சிக்கினார்கள். மத்திய அரசில் பதிவு பெற்ற முகவர்தானா என்று பார்த்து, வேலை ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி, படித்துப் பார்த்தபின் புறப்படுங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

நமது சங்கத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை ஒன்று. மேலே சொன்ன எட்டு வரிகளையும் ஒரே மாதிரி அச்சடித்து, உறுப்பினர் கடைகளுக்குக் கொடுக்கலாம். விலைப்பட்டியல் அச்சடிக்கும் செலவில் பாதிகூட ஆகாது. ஒரு கடையிலிருந்து விலகி இன்னொரு கடைக்குப் போகும் ஆளுக்கு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை ஆகிய மூன்றை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தையும் கொண்டுவரலாம். அப்போது ஒருவன் பெயர் கடைவீதியின் வாயில் இருக்காது. அவன் கையில் இருக்கும்.

சரக்கு வாங்கும்போது எடை, தரம், விலை, தவணை என்று நான்கையும் பேசாமல் ஒரு மூட்டையைக்கூட நாம் இறக்குவதில்லை. பேசாமல் இறக்கினால் பிறகு வரும் தகராறு நமக்குத் தெரியும். மூட்டைக்குக் காட்டும் அந்த அக்கறையை, மூட்டையைச் சுமக்க வருகிற ஆளுக்கும் காட்டுவோம். அடுத்த முறை ஒருவர் உங்கள் கடைக்கு வேலை கேட்டு வரும்போது, நாக்கில் அந்தப் பழைய வார்த்தை வந்தால், ஒரு நிமிடம் நிறுத்தி, ஒரு பேனாவை எடுங்கள். நான் எடுக்காமல் விட்டதனால்தான் இதை இன்று எழுதுகிறேன்.

வாழ்க வணிகர் ஒற்றுமை.